நல்ல பெயர் வாங்கிய அப்பா

செருப்புக் கடையில் அவருக்கு ‘அதுக்கென்ன’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கடையில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கல்லாவில் இருந்த அம்மாள் ஒருநாள் விளையாட்டாகச் சூட்டிய பட்டம் முதலாளி வரை பரவி, கடைசியில் வாடிக்கையாளர்களே “அந்த அதுக்கென்ன சார் இன்னைக்கு வரலையா?” என்று விசாரிக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

பெயர்ப் பொருத்தம் அப்படி. அகலப் பாதம் கொண்ட ஒரு பெண்மணி வந்து, முனை ஒடுங்கிய செருப்புக்குள் காலைத் திணித்து, “கொஞ்சம் பிடிக்குது. போகப் போகத் தளரும் இல்ல?” என்று கேட்பார். தளராது. இத்தனை வருடமாக ஊரார் காலைப் பிடித்துப் பிழைக்கிறவருக்கு அது தெரியாதா? ஆனாலும் தரையில் குந்தியபடியே, முகமெல்லாம் பல்லாக, “அதுக்கென்ன மேடம், ரெண்டு நாள் போட்டா தளர்ந்துடும்” என்பார். அடுத்த வாரம் அதே பெண்மணி குதிகாலில் பிளாஸ்திரியோடு வந்து கடை அதிரக் கத்தும்போதும் அதே பல்தான். “அதுக்கென்ன மேடம், மாத்திக் கொடுத்துடலாம்.” முதலாளி உள்ளே நின்று பல்லைக் கடிப்பார். ஆனால் யார் எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள ஓர் ஆள் எந்தக் கடைக்கும் தேவைதானே. அதனால் வேலை நிலைத்தது.

கடையோடு போயிருந்தால் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. புண்ணாவது ஊரார் குதிகால். ஆனால் அவர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோனார். வீட்டில் ஒரு மகள் இருந்தாள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விசிலைப் பள்ளியிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாத மனிதர். வீட்டில் சாப்பிடும்போது பேசக் கூடாது, பேசும்போது சிரிக்கக் கூடாது, சிரித்தால் பல் தெரியக் கூடாது. வாசலில் கழற்றிய செருப்புகூடச் சுவரைப் பார்த்தபடி வரிசையில் நிற்க வேண்டும். விசில் ஒருமுறை கேட்டால் எழுந்திருக்க வேண்டும், இருமுறை கேட்டால் படுத்துவிட வேண்டும். சின்ன வயதில் இவருக்குக் காதுக்குள் சீழ் பிடித்து வலி உயிர் போனபோதும் அப்பாவிடம் சொல்லப் பயந்து தலையணையைக் கடித்துக்கொண்டே கிடந்தார். இடது காதில் இன்றைக்கும் பாதிதான் விழும்.

பாவம் என்று தோன்றுகிறதா? தோன்றட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பாவத்தை முதலாக வைத்து அவர் என்ன செய்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்த மகளைப் பார்த்து, அவர் கண்ணீர் மல்கச் சொன்னார்: “கண்ணு, உன்கிட்ட நான் ஒரு நாளும் ‘வேண்டாம்’னு சொல்ல மாட்டேன். நீ என்னைப் பார்த்து நடுங்கவே கூடாது.” தையல் வலியோடு படுத்திருந்த மனைவி, புது அப்பாவின் கொஞ்சல் என்று நினைத்துச் சிரித்தாள். மயக்க மருந்து முழுதாகத் தெளிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள்.

சபதம் அப்படியே பலித்தது. மகள் நடுங்கவில்லை. ஒரு வீடு என்றால் யாராவது நடுங்கத்தானே வேண்டும் என்பதுபோல், அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

மனைவிக்குப் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க ‘இல்லை’ என்று சொல்கிற வேலை. ஜன்னலோர சீட்டு இல்லை, கடைசி பஸ் போய்விட்டது, இந்தப் பயணச்சீட்டு இந்த வண்டியில் செல்லாது. மனிதர்கள் கெஞ்சுவார்கள், சாபம் விடுவார்கள், சிலர் கண்ணைக்கூடக் கசக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ‘இல்லை’ என்று கேட்டதால் யாரும் செத்துவிடுவதில்லை என்பதை அவள் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மகளிடமும் அதைச் சொல்ல அவள் தயங்கவில்லை. சாப்பாட்டைத் தரையில் கொட்டினால் தட்டை எடுத்துவிடுவாள். குழந்தை வீறிடும். அவள் பாட்டுக்குப் பாத்திரம் தேய்ப்பாள். வீறிடல் விசும்பலாக இறங்கி, அடங்கப்போகும் சமயம் பார்த்து உள்ளேயிருந்து அவர் ஓடி வருவார், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு.

“பிஞ்சுக் குழந்தை. அதுக்கென்ன தெரியும்?”

“உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லுங்க முதல்ல.”

பல் தேய்த்த பிறகு இனிப்பு கிடையாது என்று மனைவி ஒரு சட்டம் போட்டிருந்தாள். பெரிய சட்டமில்லை, எந்த வீட்டிலும் இருப்பதுதான். விளக்கை அணைத்ததும் அவர் பூனைபோல் வந்து மகளின் தலையணைக்கு அடியில் ஒரு சாக்லேட்டைச் செருகுவார். “அம்மாகிட்ட சொல்லிடாதே, என்ன?” என்று காதில் கிசுகிசுப்பார். மகள் வாய்க்குள் சிரிப்பாள். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். அப்பாவுக்கும் மகளுக்கும் இப்படி ஓர் ஒட்டுதல் உலகத்திலேயே உண்டா என்று நினைத்துக்கொள்வார். கள்ளத்தனத்தில் கூட்டாளிகளுக்கும் இதே ஒட்டுதல்தான் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பள்ளியில் சேர்க்கும் வயதில் மகளின் முன்பல் நான்கும் கறுத்துப் போயின. பல் டாக்டர் நல்ல மாதிரி. “வாயைத் திறம்மா, உள்ளே பூச்சி இருக்கான்னு டாக்டர் பார்க்கறேன்” என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். மகள் வாயைத் திறந்தாள், விரல் உள்ளே போனதும் மூடினாள். டாக்டர் அலறிய அலறலில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? மகளின் முதுகைத் தடவிக் கொடுத்து, “பயந்துட்டியா கண்ணு? டாக்டர் அங்கிள் கை குளிர்ச்சியா இருந்துச்சா?” என்றார்.

டாக்டர் விரலைக் குழாயடியில் காட்டியபடி, “ராத்திரி இனிப்பு ஏதாவது தர்றீங்களா?” என்று கேட்டார்.

“சேச்சே” என்றாள் மனைவி, சத்தியமாக.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி இருவரையும் பார்த்தாள். ஊசி போட வேண்டிய அவசியமே இல்லாமல் அந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் மரத்துப்போனது.

பிறகு மைத்துனர் வீட்டு விசேஷம் வந்தது. மனைவியின் தம்பி மகனுக்குப் பிறந்தநாள். பையன் புதுச் சட்டையில் கேக்குக்கு முன்னால் நின்று கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தான். எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கிய நேரத்தில், நம்மவரின் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அத்தனை மெழுகுவர்த்தியையும் ஒரே ஊதலில் அணைத்தாள். பையன் ஓவென்று அழுதான். சரி, குழந்தைதானே, திரும்பப் பற்ற வைத்தார்கள். மறுபடியும் ஊதினாள். மைத்துனரின் மனைவி அவள் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தப் போனாள். மகள் தரையில் விழுந்து புரண்டு காலை உதைத்தாள்.

அப்போது அவர் முன்னால் வந்தார். மகளை அதட்டப் போகிறார் என்று கூட்டம் வழிவிட்டது. அவரோ அசடு வழியச் சிரித்து, “மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. அவளுக்குன்னு தனியா நாலு மெழுகுவர்த்தி ஏத்தி வெச்சா அடங்கிடுவா. பையன் அப்புறமா ஊதிக்கட்டுமே” என்றார்.

“அப்போ கேக்கையும் மகாராணியே வெட்டட்டுமா?” என்று கேட்டார் மைத்துனர்.

குத்தல் என்று புரியாமல் அவர், “அதுக்கென்ன, ரெண்டு பேருமா கத்தியைப் பிடிச்சுக்கட்டும்” என்றாரே பார்க்கலாம். மானம் கப்பலேறிவிட்டது. மனைவி மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, உதையும் கடியும் வாங்கியபடியே தெரு முனை வரை நடந்தாள். பின்னாலேயே அவர், “பாவம், குழந்தை சாப்பிடக்கூட இல்ல” என்று புலம்பிக்கொண்டே வந்தார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து பிறந்தநாளுக்கு அழைப்பு வரவில்லை. மறந்திருப்பார்கள் என்று அவர் மட்டும் நம்பினார்.

இப்படியே வளர்ந்தாள். எந்தக் கேள்வியையும் அம்மாவிடம் கேட்டு ‘இல்லை’ வாங்கிக்கொண்டு, நேராக அப்பாவிடம் போய் ‘அதுக்கென்ன’ வாங்கிக்கொள்வாள். மனைவி கட்டிய சுவரில் எல்லாம் அவர் பின்பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். கடையில் உட்கார்ந்து, “நாங்க அப்பா பொண்ணு மாதிரியே இல்ல, ஃப்ரெண்ட்ஸ் மாதிரி” என்று பீற்றிக்கொள்வார். அந்த ஃப்ரெண்டு அவருடைய போனைக் கேட்காமல் எடுத்து அதன் பூட்டை மாற்றியிருந்ததையும், அவர் தன் போனைத் திறக்கச் சொல்லி அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததையும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் சாயங்காலம். மறுநாள் பரீட்சை இருந்ததால் மனைவி டி.வி.யை அணைத்துவிட்டாள். மகள் காலைத் தரையில் உதைத்து, “நீ ஏன் அப்பா மாதிரி நல்லவளா இல்ல?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். மனைவி திரும்பிப் பார்த்தபோது தாளுக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களில் சிரிப்பு இருந்தது. லாட்டரி விழுந்தவன் சிரிப்பு.

“சந்தோஷமா இருக்கா?” என்றாள்.

“குழந்தை ஏதோ கோவத்துல...”

“அவளை விடுங்க. உங்களைக் கேட்கறேன். நான் கெட்டவளா ஆனாத்தானே நீங்க நல்லவர் ஆக முடியுது? நான் ஒருநாள் ‘சரி’ன்னு சொல்லிட்டா உங்க பொழப்பு என்னாகும், யோசிச்சீங்களா?”

அவர் யோசிக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய கேள்வியை விட்டுவிட்டு, கேட்ட தொனியைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமல் படுத்தார். சாப்பிடாமல் படுத்தவருக்கு மகள் பிஸ்கட் கொண்டுவந்து கொடுப்பாள் என்று வெகுநேரம் விழித்திருந்தார். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். உயரத்தில் அம்மாவைத் தாண்டினாள். அந்த வருடத்தில்தான் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வகுப்புத் தோழிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஒரு தோழியின் அண்ணன் புதிதாகக் கார் ஓட்டக் கற்றிருந்தான். மாமாவின் காரை வாங்கிக்கொண்டு வருகிறான். ஊருக்கு வெளியே, வெட்டி முடித்துக் கைவிட்ட கல்குவாரியில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. அங்கே போய்க் குதித்து நீந்திவிட்டு வரலாம் என்று ஏற்பாடு.

“எங்கப்பாவைக் கேட்கணும்” என்றாள் மகள். தோழிகளோடு கூடத்துக்கு வந்து அவர் முன்னால் நின்றாள். “அப்பா, இவங்க அண்ணன் கார்ல குவாரிக்குப் போறாங்களாம். பெரியவங்க யாரும் வரல. ஆழம் எவ்வளவுன்னு தெரியாதாம். எனக்கு நீச்சலும் தெரியாது. நான் போகட்டுமா?”

எந்தப் பிள்ளையாவது அனுமதி கேட்கும்போது இப்படிக் கேட்குமா? ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். தோழிகளுக்கு முதுகைக் காட்டி நின்றதால் கண்ணாலும் சொன்னாள். புருவத்தைச் சுருக்கினாள், தலையைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், இடமும் வலமும் ஆட்டினாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற மூன்று பெண்களின் முகத்தைப் பார்த்தார். ‘எவ்வளவு நல்ல அப்பா!’ என்று அவர்கள் சொல்லப்போவது அவர் காதில் முன்கூட்டியே விழுந்துவிட்டது.

“அதுக்கென்ன! தாராளமா போய்ட்டு வா கண்ணு.”

“அங்கிள், நீங்க செம” என்றாள் ஒருத்தி. அவர் குளிர்ந்துபோனார். மகள் ஒரு நிமிடம் அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

குவாரியில் நடந்தது பிற்பாடு அம்மாவிடம் அவள் சொல்லித்தான் தெரியும். தோழிகள் பாறையிலிருந்து குதித்தார்கள். இவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். கால் சுளுக்கிவிட்டதென்று பொய் சொல்லி, நொண்டிக் காட்டி, வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த அண்ணன் காரிலேயே பீர் கொண்டுவந்திருந்தான். திரும்பும்போது ஒற்றைக் கையால் ஓட்டினான். இவள் வாந்தி வருகிறது என்று சொல்லி, நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் இறங்கிக்கொண்டாள். கார் அவளுக்காகக் காத்திருக்காமல் போய்விட்டது. அங்கிருந்து போன் செய்தாள், அம்மாவுக்கு.

கவுண்டருக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. மனைவி எல்லோர் முகத்துக்கும் நேராகக் கவுண்டரை மூடும் பலகையை இறக்கினாள். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் அதற்குள் வாசலில் இருந்தாள். தெரிந்த டிரைவரின் பஸ்ஸில் ஏறி, பங்க் வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மகள் காற்றடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறியதும் மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து, “அப்பாகிட்ட சொல்லாதே” என்றாள்.

சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். ஆள் மட்டும் மாறியிருந்தது.

மனைவி சொன்னாள். அன்றைக்கே, வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்தது. உடனே போனை எடுத்து யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வந்தவர் முகம் மறுபடியும் மலர்ந்திருந்தது.

“விசாரிச்சுட்டேன். கார் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துடுச்சாம். எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒண்ணும் ஆகலையே, பார்த்தியா!”

உண்மைதான். ஒன்றும் ஆகவில்லை. அதைவிடப் பெரிய நியாயம் அவருக்குத் தேவைப்படவில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் உச்சம்: “ஏன் கண்ணு, எனக்குப் போன் பண்ணியிருக்கலாம் இல்ல? அப்பா பறந்து வந்திருப்பேனே!”

“உனக்குப் பண்ணியிருந்தா, ‘அதுக்கென்ன, கொஞ்சம் அனுசரிச்சு அதே கார்லயே வந்துடு’ன்னு சொல்லியிருப்ப.”

“என்ன இப்படிச் சொல்லிட்ட? நீ ஆசைப்பட்டுக் கேட்டதாலதானே அனுப்பினேன்?”

“நான் ஆசைப்பட்டா கேட்டேன்?” அவள் குரல் உடைந்தது. “நீ வேண்டாம்னு சொல்லுவன்னுதான் கேட்டேன்ப்பா.”

அவருக்குப் புரியவில்லை. “வேண்டாம்னா நீயே சொல்லியிருக்கலாமே?”

“அவங்க எதிர்ல எப்படிச் சொல்றது? ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவாங்க. மத்தவங்க எல்லாம் பிடிக்கலைன்னா ‘எங்கப்பா விட மாட்டார், கொன்னுடுவார்’னு சொல்லித் தப்பிச்சுக்கறாங்க. எனக்கு அப்படிச் சொல்ல ஒரு அப்பா இருக்காரா? உன் பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க.”

அறைக் கதவு சாத்திக்கொண்டது. அவர் சோபாவில் உட்கார்ந்து, ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தார். அவள் துணி மடிக்கப் போனாள்.

மறுநாளிலிருந்து அவர் கண்டிப்பான அப்பா ஆனார். சட்டை மாற்றுவதுபோல்தான் அவருக்கு அது. காலையில் விரலைச் சொடுக்கி, “ஆறு மணிக்கு மேல வெளியே போகக் கூடாது. சாப்பிடும்போது பேச்சு கூடாது. செருப்பு வரிசையா இருக்கணும்” என்றார். செத்துப்போன விளையாட்டு வாத்தியார் எழுந்து வந்ததுபோல் குரலைக் கனமாக்கிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த கண்டிப்பு அது ஒன்றுதான். அதையும் பாதிக் காதால் கேட்டு வைத்திருந்தார். மகள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து சிரித்து அந்த வீட்டில் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்துவிட்டு, கூடவே சிரித்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் வெளியே கிளம்பியபோது, குடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அத்தோடு ஆட்சி கவிழ்ந்தது.

நிஜமான சோதனை சில மாதம் கழித்து வந்தது. பக்கத்து ஊர் மைதானத்தில் பெரிய பாட்டுக் கச்சேரி. பாடுகிறவன்மேல் மகளுக்கு உயிர். இந்தத் தடவை கண்ஜாடை எல்லாம் இல்லை, நெஞ்சார ஆசைப்பட்டாள். அம்மாவிடம் கேட்டாள்.

வழக்கமாக அங்கேயே ஒரு ‘இல்லை’ விழுந்திருக்கும். மனைவி அன்று சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, “உங்கப்பாவைக் கேளு” என்றாள்.

அவர் திடுக்கிட்டார். மனைவியின் முதுகைப் பார்த்தார். முதுகு திரும்பவில்லை.

“யார் யார் போறீங்க?” என்று கேட்டார். மகளிடம் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கே ஆச்சரியம்.

“நாங்க அஞ்சு பேர்.”

“பெரியவங்க?”

“யாரும் இல்ல.”

“முடிய நடுராத்திரி ஆகுமே. திரும்பி எப்படி வருவீங்க?”

“ஏதாவது வண்டி கிடைக்கும்ப்பா. எல்லாரும் அப்படித்தான் வருவாங்க.”

அவருக்கு நாக்கு பழக்க தோஷத்தில் ‘அது’ வரைக்கும் உருண்டு வந்துவிட்டது. விழுங்கினார். “வேண்டாம்மா” என்றார். எலி கீச்சிட்டதுபோல் ஒரு சத்தம்.

“என்ன?”

“போக வேண்டாம். வர்றதுக்கு வழி தெரியாத இடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்.”

“குவாரிக்கு மட்டும் அனுப்பின?”

“அன்னைக்கும் இதைத்தான் சொல்லியிருக்கணும்.”

மகள் கத்தினாள், அழுதாள், பையை வீசினாள். “உன்னை எனக்குப் பிடிக்கவே இல்ல!” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். அவர் அதே இடத்தில் நின்றார். அரை நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. கதவருகே போய்த் தட்டக் கையை உயர்த்தினார்.

“தட்டினீங்கன்னா, இந்த வீட்ல எனக்கு ரெண்டு குழந்தைங்கன்னு முடிவு பண்ணிடுவேன்” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

கை இறங்கியது.

மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவர் வந்தால் எழுந்து போனாள். அவர் கேட்டதற்கு அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் இடது கால் செருப்பையே இரண்டாகப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். இழவு வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மனைவியிடம் வந்து, “நாலு நாளா என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல. எப்படித் தாங்கறது சொல்லு” என்றார்.

“நாலு நாளா? ஐயோ பாவம்.” மனைவி வேலையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அவளுக்குப் பல்லு முளைச்ச நாள்ல இருந்து நான் கெட்டவ. ஒரு நாளாவது எப்படித் தாங்கறேன்னு கேட்டீங்களா? பேப்பருக்குப் பின்னால உட்கார்ந்து சிரிச்சீங்க.”

அந்தச் சிரிப்பை அவள் பார்த்திருந்தாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சாக்லேட்டும் கிசுகிசுப்பும் ‘நாங்க ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பீற்றலும் எல்லாமே இவள் தலையில் ஏறி நின்று எட்டிப் பறித்தவை என்பது மெள்ள உறைத்தது. முழுதாக உறைத்தது என்று சொல்ல மாட்டேன். அவரால் முடிந்த அளவுக்கு உறைத்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மகள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், தட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்று உடைந்துவிட்டது. உடைத்தது பக்கத்தில் நின்றவள். டீச்சர் இவளைத் திட்டினாள். உடைத்தவள் வாயைத் திறக்கவே இல்லை. அவளைத்தான் இத்தனை நாள் உயிர்த் தோழி என்று நினைத்திருந்தாள்.

அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. அத்தனை வருடமும் அவள் தன்னிடம் கேட்டிருக்கிறாளே தவிர, எதையும் சொன்னதில்லை. எது கேட்டாலும் கொடுக்கிறவனிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? பஸ் நிலையத்தில் நடப்பதும் பள்ளியில் நடப்பதும் பெண்கள் இருவருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. இவர் வாசலில் நின்று பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

விளங்கியதும் சும்மா இருந்தாரா? “நான் நாளைக்கே ஸ்கூலுக்கு வந்து அந்த டீச்சர்கிட்ட...” என்று ஆரம்பித்தார்.

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கேளு, போதும்” என்றாள் மகள். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் சொல்லி முடிக்கும் வரை ‘ம்’ மட்டும் கொட்டினார்.

கச்சேரியைப் பற்றி அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு தோழிகளிடம் போனில், “எங்கப்பா விட மாட்டார்ப்பா” என்று அவள் சொல்வது அவ்வப்போது கேட்டது. அலுத்துக்கொள்கிற குரலில்தான் சொன்னாள். அந்த அலுப்பில் பாதி நடிப்பு. அவர் ஒருமுறை அதை ஒட்டுக்கேட்டுவிட்டு, மனைவியை அழைத்துவந்து கேட்கச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

கடையில் மட்டும் விடவில்லை. “பிள்ளைங்கன்னா சொல்ல வேண்டியதைச் சொல்லணும். எல்லாத்துக்கும் தலையாட்டினா மதிக்க மாட்டாங்க” என்று, தானே கண்டுபிடித்ததுபோல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்தார். கல்லாவில் இருந்த அம்மாள் சில்லறையை எண்ணிக்கொண்டே, “அடேயப்பா! பொண்ணு பெரியவளான அப்புறம்தான் அப்பா வேலைக்குச் சேர்ந்திருக்கீங்க. வாழ்த்துகள்” என்றாள்.

அவர் முகமெல்லாம் பல்லாக நன்றி சொன்னார்.